புழு ஏன் சுவரேறுகிறது?

பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மண்புழு உரம் செய்ய, ஆலையில் வாங்கிய செம்பனை வெற்றுக்குலை (பழம் பிரித்தெடுத்த குலை) நாரையும் எங்கள் மாட்டுச் சாணத்தையும் கலந்து சிமெண்ட் தொட்டியில் கொட்டி, 2 கிலோ புழு விட்டேன். மறுநாள் காலையில் பாதி சுவரேறிவிட்டது, மீதி செத்துக் கிடந்தது. புழு சரியில்லையா? பக்கத்துத் தௌஃபூ (சோயாக் கட்டி) பட்டறையில் சோயா சக்கை சும்மா தருகிறார்கள், அதையும் போடலாமா?"

புழுவின் மேல் குற்றமில்லை. பச்சைச் சாணமும் நாரும் சேர்ந்தால் அன்றிரவே சூடேறத் தொடங்கி, சில நாளில் 60 பாகை செல்சியஸ் வரை போகும். 35 பாகையைத் தாண்டினாலே மண்புழு தாங்காது. போதாததற்குச் சாணத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா அதன் ஈரத் தோலை எரிக்கும். முதல் மக்கலைச் செய்வது நுண்ணுயிர்தான். அது முடிந்த பிறகே புழுவின் வேலை.

எனவே முதலில் தொட்டிக்கு வெளியே குவியல் போடுங்கள். விரல் நீளத்துக்கு நறுக்கிய நார் 100 கிலோ, பச்சைச் சாணம் 200 கிலோ. நாரில் கரிச்சத்து (கார்பன்) மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. சாணம் அதைச் சரிக்கட்டும். ஒரு மீட்டர் உயரம் இருந்தால்தான் சூடு பிடிக்கும். களைவிதையையும் நோய்க்கிருமியையும் கொல்வது அந்தச் சூடுதான். மழை படாமல் மூடி, நான்கு நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். மூன்று வாரம் ஆகும். புரட்டிய இரண்டாம் நாள் கையை முழங்கை வரை உள்ளே விட்டால் வெதுவெதுப்புகூடத் தெரியக் கூடாது. ஒரு பிடி பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வரவேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்.

அப்போதும் எல்லாப் புழுவையும் இறக்காதீர்கள். ஒரு வாளியில் அந்தக் கலவையைப் போட்டு 20 புழு விடுங்கள். இரண்டு நாள் கழித்து இருபதும் உள்ளேயே நெளிந்தால் தொட்டிக்கு மாற்றலாம். சதுர மீட்டருக்கு 1 கிலோ புழு, முதல் படுகை 15 செ.மீ., அடியில் வடிகால், மேலே கூரை. 2 கிலோ புழு நாளொன்றுக்குச் சுமார் 1 கிலோ தின்னும். பினாங்கின் அடைமழையில் படுகை ஊறினால் நல்ல புழுவும் இரவோடு இரவாக ஓடிவிடும். தோட்டத்து மண்ணைக் கொத்தி எடுத்த புழு இதற்கு ஆகாது. ஐசீனியா, யூட்ரிலஸ் போன்ற குப்பைப் புழுக்களே வேண்டும்.

சோயா சக்கையை நேராகத் தொட்டியில் போடவே போடாதீர்கள். புரதம் மிகுந்த தீனி புளித்துப் புழுவின் வயிற்றில் வாயு கட்டும். உடம்பு மணி கோத்தாற்போல் முடிச்சு முடிச்சாக வீங்கிச் செத்துப்போகும். முதல் குவியலில் மட்டும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேர்க்கலாம். குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டின் சாணத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மருந்து சாணத்தில் வெளியேறி மண்புழுவையும் பாதிக்கும்.

முலாம் பூசும் பட்டறை, மின்னணுத் தொழிற்சாலை ஆகியவற்றின் சேறு யார் கொடுத்தாலும் வேண்டாம். புழு கன உலோகத்தை அழிப்பதில்லை. அந்த உலோகம் உரத்தில் தங்கிக் கீரைக்கு ஏறும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைப்படி உலோகம் கலந்த இத்தகைய சேறு பட்டியலிட்ட (ஆபத்தான) கழிவு; அதை வீட்டில் கையாள முடியாது.

இரண்டு, மூன்று மாதத்தில் படுகை கறுத்து, மழை பெய்த மண் போல மணக்கும். நான்கு நாள் தண்ணீரை நிறுத்தி, வெளிச்சத்தில் சிறு சிறு கூம்பாகக் குவியுங்கள். புழு அடிக்கு இறங்கிவிடும். மேலிருந்து சுரண்டிச் சலித்து, நிழலில் உலர்த்திக் கட்டுங்கள்.