எதில் அளப்பது, எப்போது அளப்பது: அன்றாட வேதிப்பொருள் ஆய்வுகள் குறித்த கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பொதுச் சுகாதாரத் துறையில் ஆய்வு தொடங்கவிருக்கும் மாணவர்களுடையவை. ஒன்று மட்டும் ஒரு தந்தையுடையது. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்துப் பதிலளித்திருக்கிறேன்.

கேள்வி: கர்ப்பிணிகளின் உடலில் சேரும் பிளாஸ்டிக் சார்ந்த வேதிப்பொருள்களை ஆராய விரும்புகிறேன். முதல் பரிசோதனைக்கு வரும்போது ஒருமுறை சிறுநீர் மாதிரி எடுத்தால் போதாதா?

எந்தப் பொருளை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிஸ்பினால் ஏ, தாலேட்டுகள் ஆகியவை உடலுக்குள் சென்ற ஒரு நாளுக்குள் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடுகின்றன. காலை பத்து மணிக்கு எடுத்த மாதிரி அதற்கு முந்தைய சில மணி நேரத்தைப் பற்றித்தான் பேசுமே தவிர, ஒன்பது மாதத்தைப் பற்றி அல்ல. ஒரே பெண்ணிடம் மறுநாள் எடுத்தால் முற்றிலும் வேறோர் அளவு வரக்கூடும். இப்படிப்பட்ட அளவீட்டுப் பிழை பொதுவாக உண்மையான தொடர்பை மங்கலாக்கிவிடும். கடைசியில் "பாதிப்பு எதுவும் தென்படவில்லை" என்று எழுதுவீர்கள், படிப்பவர்கள் அதைப் "பாதிப்பு இல்லை" என்று புரிந்துகொள்வார்கள். இத்துறையில் வெளியான "பாதிப்பு தென்படவில்லை" என்ற முடிவுகளில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் கருத்து.

எனவே, கர்ப்பத்தின் மூன்று பருவங்களிலும் பலமுறை மாதிரி எடுங்கள். பரிசோதனைச் செலவு கட்டுப்படியாகாவிட்டால், ஒரே பருவத்தில் ஒருவர் தந்த பல மாதிரிகளிலிருந்து சம அளவு எடுத்துக் கலந்து ஒற்றை மாதிரியாக்கி அளக்கலாம். மாதிரி எடுத்த நேரத்தையும், அதற்கு முன் எப்போது சிறுநீர் கழித்தார் என்பதையும் எழுதி வையுங்கள். சிறுநீரின் நீர்த்த தன்மையைக் கணக்கில் சரிசெய்ய, தசையிலிருந்து வரும் கழிவுப்பொருளான கிரியாட்டினினை மட்டும் நம்ப வேண்டாம். கர்ப்ப காலத்தில் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் கூடுவதால் ஒப்படர்த்தியையும் (நீரோடு ஒப்பிட்ட சிறுநீரின் அடர்த்தி) அளப்பது நல்லது. தாலேட்டுகளில் மூலப்பொருளை அளக்காமல், உடல் அதைச் சிதைத்து உருவாக்கும் பொருள்களை அளக்க வேண்டும். ஆய்வகத்தின் குழாயிலிருந்தும் மூடியிலிருந்தும் மூலப்பொருள் மாதிரிக்குள் கசியக்கூடும் என்பதே காரணம். அதே கலன்களில் தூய நீரை ஊற்றி, மற்ற மாதிரிகளோடு சேர்த்தே பரிசோதனைக்கு அனுப்பினால் இந்தக் கசிவு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்களின் கதை வேறு. அவற்றுள் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் போன்றவை மனித உடலில் பாதியாகக் குறையவே ஆண்டுகள் ஆகும். ஒரு ரத்த மாதிரியே நெடுங்காலத்தைக் காட்டிவிடும். ஆயினும் கர்ப்பம் வளர வளர ரத்தத்தின் கன அளவு பெருகுவதால், எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் மாதிரி எடுத்தாக வேண்டும். காரீயம் (ஈயம், lead) இன்னும் சிக்கலானது: ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ ஒரு மாதம், எலும்பிலோ பல ஆண்டுகள். கருவின் வளர்ச்சிக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது காரீயமும் உடன் வரும். தாய் தன் சிறுவயதில் ஏற்றுக்கொண்ட காரீயம் அவளுடைய குழந்தையைச் சென்றடையக்கூடும் என்பதால், வினாப்பட்டியலில் தற்போதைய வீட்டைப் பற்றி மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: பெரியவர்களுக்கான பாதுகாப்பு வரம்பை உடல் எடைக்கு ஏற்பக் குறைத்துக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஒரு கிலோ எடைக்குக் குழந்தை சுவாசிக்கும் காற்றும் குடிக்கும் நீரும் பெரியவர்களைவிட அதிகம். தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைப்பதால் வீட்டுத் தூசியும் உள்ளே போகிறது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர்களின் குடல் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உறிஞ்சினால், சிறு குழந்தையின் குடல் பாதியளவுகூட உறிஞ்சிவிடும். சில பூச்சிக்கொல்லிகளின் நச்சை முறிக்கும் பிஓஎன்1 என்ற நொதி பிறந்த குழந்தையிடம் மிகக் குறைவு. அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு உணவுத் தரப் பாதுகாப்புச் சட்டம், போதிய தரவு இல்லாவிட்டால் குழந்தைகளுக்காகப் பூச்சிக்கொல்லி வரம்பை மேலும் பத்து மடங்கு இறுக்க வேண்டும் என்று கூறியது இந்தக் காரணங்களால்தான்.

எவ்வளவு என்பதோடு எந்த வயதில் என்பதும் முக்கியம். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து பகுதியில் 1959 முதல் 1967 வரை பிரசவித்த பெண்களிடம் எடுத்துச் சேமித்து வைத்த ரத்தத்தைப் பின்னாளில் ஆராய்ந்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பரவலான 1945இல் 14 வயதுக்குக் குறைவாக இருந்த பெண்களிடம் மட்டுமே, ரத்தத்தில் இருந்த டிடிடி அளவுக்கும் பிற்கால மார்பகப் புற்றுநோய்க்கும் வலுவான தொடர்பு தெரிந்தது. எல்லா வயதினரையும் ஒரே சராசரிக்குள் அடைத்திருந்தால் இது தெரியாமலேயே போயிருக்கும்.

கேள்வி: கடல் உணவில் சேரும் மெத்தில் பாதரசம் கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்குமா என்று பார்த்ததில், வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகள் ஆய்வு பாதிப்பு உண்டு என்கிறது, இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் ஆய்வு இல்லை என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். ஃபாரோவில் பாதரசம் பெரும்பாலும் திமிங்கில இறைச்சி வழியே இடைவெளி விட்டு மொத்தமாகச் சென்றது. அதோடு பிசிபி எனப்படும் நச்சுத் தொழிற்சாலைச் சேர்மங்களும் சேர்ந்தே சென்றன. செஷல்ஸ் தாய்மார்கள் கடல் மீனை ஏறத்தாழ அன்றாடம் உண்டவர்கள். மூளை வளர்ச்சிக்கு உதவும் கொழுப்பு அமிலங்கள் மீனிலேயே இருப்பதால், அந்த நன்மை பாதரசத்தின் தீமையை மறைத்திருக்கலாம். அளந்த இடமும் ஒன்றல்ல: ஃபாரோ ஆய்வு முதன்மையாகத் தொப்புள்கொடி ரத்தத்தை நம்பியது, செஷல்ஸ் ஆய்வு தாயின் தலைமுடியை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், பிரசவத்தின்போது வேரோடு ஒட்டி வெட்டிய ஒன்பது சென்டிமீட்டர் முடியைத் துண்டு துண்டாக அளந்து கர்ப்பத்தை மாதவாரியாகப் படிக்க முடியும். ஆனால் குறுகிய கால ஏற்றங்கள் அதில் அமுங்கிவிடும். உணவு வழியாக வரும் நச்சை ஆராய்பவர் அந்த உணவின் சத்தையும் அளக்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

கேள்வி: பழைய மாதிரிகள் எதுவும் இல்லாதபோது கருவில் இருந்த காலத்தின் நிலையை அறிய வழி உண்டா?

சில பொருள்களுக்கு உண்டு. குழந்தைகளின் விழுந்த பால்பற்களில் காரீயத்தை அளந்து, அதை அறிவுத்திறன் குறைவோடு தொடர்புபடுத்தி ஹெர்பர்ட் நீடில்மன் 1979இல் எழுதினார். தொழிற்சாலைக் கழிவின் பாதரசம் பலரைப் பாதித்த ஜப்பானின் மினமாட்டாவில், குடும்பங்கள் வழக்கப்படி உலர்த்தி வைத்திருந்த தொப்புள்கொடித் துண்டுகள் பாதரசச் சான்றாயின. விரைவில் வெளியேறிவிடும் பொருள்களுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது.

கேள்வி: என் குழந்தையின் ரத்தத்தில் ஒரு வேதிப்பொருள் இருப்பதாகச் சொன்னார்கள். பயப்பட வேண்டுமா?

இன்றைய கருவிகள் மிக நுண்ணிய அளவையும் காட்டிவிடும். இருப்பது வேறு, கெடுப்பது வேறு. எந்தப் பொருள், எவ்வளவு, அதே வயதினரின் வழக்கமான அளவு என்ன என்று கேளுங்கள். காரீயம் என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம்: அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. மருத்துவரை உடனே பார்த்து, அது எங்கிருந்து வந்தது என்பதைத் தேடுங்கள்.

கேள்வி: எளியவர்களைத் தீங்கான பொருளுக்கு உட்படுத்தாமல் பரிசோதனை ஆய்வு செய்ய இயலுமா? முடிவுகளை அவர்களிடம் சொல்லலாமா?

அந்தப் பொருள் உடலில் சேர்வதைக் கூட்டாமல், குறைத்துப் பார்ப்பதே நேர்மையான வழி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை திட்டமிட்ட குழந்தைகள் பூச்சிக்கொல்லி ஆய்வொன்று, பங்கேற்கும் குடும்பங்களுக்குப் பணமும் பரிசும் தருவதாக அறிவித்ததால் கண்டனத்துக்கு உள்ளாகி 2005இல் கைவிடப்பட்டது. ஏழைக் குடும்பத்துக்குத் தரும் ஊக்கத்தொகை ஒருவகை வற்புறுத்தலாகிவிடும் என்பது அதன் எதிர்ப்பாளர்களின் வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் நடந்த ஹெர்மோசா ஆய்வு வேறு வழியில் சென்றது. 100 பதின்பருவப் பெண்கள் மூன்று நாள்களுக்கு, குறிப்பிட்ட சில வேதிப்பொருள்கள் சேராத அழகுப் பொருள்களைப் பயன்படுத்தினர். பொருள் கெடாமல் காக்கச் சேர்க்கும் மெத்தில் பாரபென் சுமார் 44 விழுக்காடும், கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் டிரைகுளோசான் சுமார் 36 விழுக்காடும் சிறுநீரில் குறைந்தன. குறைந்த அளவிலேயே இருந்த எத்தில், பியூட்டில் பாரபென்கள் எதிர்பாராமல் கூடின; 2016இல் வெளியான கட்டுரை அதை மறைக்கவில்லை. அதே ஊர் இளைஞர்களே ஆய்வை வடிவமைப்பதிலும் நடத்துவதிலும் பங்கெடுத்தனர்.

முடிவைத் தெரிவிப்பது பற்றி ஒப்புதல் படிவத்திலேயே கேட்டு, வேண்டும் என்பவருக்கு அவரிடம் அளந்த அளவோடு, மற்றப் பங்கேற்பாளர்களின் அளவு, உடல்நலம் பற்றி அறிந்தது, அறியாதது, குறைக்கும் வழி ஆகியவற்றை அவருடைய மொழியில் ஒரே தாளில் கொடுங்கள். காரீயம் போல உடனடி நடவடிக்கை தேவைப்படும் முடிவுகளை ஆய்வு முடியும்வரை வைத்திருக்காமல், அன்றன்றே தெரிவிப்பதற்குரிய ஏற்பாட்டை முதல் மாதிரி எடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.