மன்னார்குடி–தஞ்சாவூர் தினசரி ஓட்டத்துக்கு எந்த ஆல் வீல் டிரைவ்?

வணக்கம். தினமும் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர், வாரக்கடைசியில் வயலுக்கு விதை மூட்டை, ஓட்டவும் சுகமாக இருக்க வேண்டும்; நாலு சக்கரமும் இழுக்கும் (ஆல் வீல் டிரைவ்) கார்களில் பழைய வோல்வோ எஸ்60 கிராஸ் கன்ட்ரியா, புது மாருதி கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப்பா என்று கேட்டிருந்தீர்கள்.

மனசு வோல்வோ பக்கம்தான். உயரம் கூட்டிய செடான், ஐந்து சிலிண்டர் டீசல், வளைவில் எஸ்யூவி மாதிரி சாயாது. ஆனால் 2016-இல் இங்கே வந்த வண்டி. உதிரி பாகத்துக்குக் காத்திருக்கும் நாட்களில் வேலைக்கு எதில் போவீர்கள்? வீட்டில் இன்னொரு கார் இல்லையென்றால் விட்டாராதான். வேகம் சுமார், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

மழைக்காலக் களிமண் பாதையில் நாலு சக்கரமும் இழுக்கும், சரி. பிரேக் பிடிக்க அது உதவாது, டயர்தான் உதவும். நான்கும் ஒரே அளவு தேய்ந்திருக்கட்டும். ஒன்றை மட்டும் புதிதாக மாட்டினால் பின் சக்கரங்களுக்கு இழுவிசையைக் கடத்தும் கப்ளிங் தேவையில்லாமல் சூடாகும்.

அப்புறம், அறுவடை மாதத்து ரோட்டு வைக்கோல். ஒருமுறை வடுவூர் ஏரி தாண்டியதும் கருகல் வாடை. இறங்கிக் குனிந்து பார்த்தால், பின் சக்கரங்களுக்குப் போகும் தண்டில் பிரி திரித்த மாதிரி சுற்றியிருந்தது. பக்கத்து வயலில் கருக்கரிவாள் வாங்கி அறுத்தெடுக்க அரை மணி நேரம். இப்போது சீட்டுக்கடியில் சொந்தமாக ஒன்று கிடக்கிறது.