கிரீஸில் இருக்கும் டெலோஸ், டெல்ஃபி, சூனியோன் எல்லாம் வெறும் இடிபாடுகள்தானா? வயதான அம்மாவை அங்கெல்லாம் அழைத்துப் போகலாமா?

கேள்விக்குக் கீழே "அம்மாவுக்கு அதெல்லாம் புரியுமா" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. அம்மாவைச் சான்டோரினி தீவில் அறையில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் போய்வர நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் அம்மாவுக்கு 67 வயது. 31 வருடம் கிராமத்து நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கிரேக்கக் கவி ஹோமர் யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் வரலாறு படித்தவள் இல்லை. போவதற்கு முன் கொஞ்சம் வாசித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மைகோனோஸ் தீவிலிருந்து டெலோஸ் தீவுக்குப் படகில் அரை மணி நேரம். நாங்கள் போன முதல் நாள் வடக்குக் காற்று பலமாக அடித்ததால் படகே விடவில்லை. அந்தக் காற்றை மெல்டெமி என்கிறார்கள். மறுநாள்தான் போனோம். தீவில் நிழல் கிடையாது. யாரும் இரவு தங்கவும் முடியாது. இறங்கியதும் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை கற்கள்தான். உண்மையைச் சொன்னால், எனக்கே மனசு விட்டுப்போனது.

நடந்துகொண்டே அம்மாவுக்குக் கதை சொன்னேன். லேட்டோ என்ற தேவதை, தெய்வங்களுக்கெல்லாம் அரசனான சீயஸின் பிள்ளைகளைச் சுமந்திருந்தாள். அவன் மனைவி ஹேராவுக்குப் பயந்து எந்த ஊரும் அவளுக்குப் பிரசவிக்க இடம் தரவில்லை. கடைசியில் மிதந்துகொண்டிருந்த இந்தத் தீவு இடம் கொடுத்தது. பிரசவ தெய்வத்தை ஹேரா வரவிடாமல் பிடித்து வைத்ததால் ஒன்பது நாள் வலி. பனைமரம் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்போலோ என்ற தெய்வத்தைப் பெற்றாள்.

அம்மா நின்றுவிட்டார். "ஒன்பது நாளா? கூட யாருடி இருந்தா?" என்றார்.

மற்ற தேவதைகள் கூட இருந்ததாகத்தான் கதை. அதைச் சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. பழைய புனிதக் குளம் இருந்த இடத்துக்குப் போனோம். மலேரியா பயத்தில் 1920களில் அதை வற்ற வைத்துவிட்டார்கள். இப்போது நடுவில் ஒரு பனைமரம் நிற்கிறது. அங்கே வைத்து மீதியையும் சொன்னேன். கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் தீவைப் புனிதப்படுத்துகிறோம் என்று கல்லறைகளை எல்லாம் தோண்டி எடுத்தார்கள். இனி இங்கே யாரும் சாகவும் கூடாது, பிள்ளை பெறவும் கூடாது என்று உத்தரவு. சாகக் கிடப்பவர்களையும் நிறைமாதக்காரிகளையும் எதிரே இருக்கும் ரெனேயா தீவுக்கு அனுப்ப வேண்டும்.

ரெனேயா கூப்பிடு தூரத்தில் இருப்பது போலத்தான் தெரிகிறது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலி வந்தவளை இந்தக் காற்றில படகுல ஏத்துனாங்களா? பெத்துக்க இடமில்லாம வந்தவளுக்கு இடம் கொடுத்த மண்ணாச்சேடி இது!" என்றார். மாட்டுவண்டியில் வைத்து எத்தனை பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். நான் வாசித்ததில் எதுவும் எனக்கு அப்படி உறைக்கவில்லை.

அப்புறம் நான் மட்டும் கின்தோஸ் குன்றில் ஏறினேன். 112 மீட்டர்தான், ஆனால் வெயிலில் படி ஏறுவது அம்மாவுக்கு முடியாது. சுற்றிலும் தீவுகள். டெலோஸைச் சுற்றி வட்டமாக இருப்பதால்தான் அவற்றுக்குச் சைக்ளடீஸ் என்று பெயர். இறங்கி வந்தபோது அம்மா ஒரு பழைய வீட்டு முற்றத்தில் நின்று, கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து அடியிலிருக்கும் தொட்டியில் சேர்வதை இன்னொரு பயணிக்குச் சைகையில் விளக்கிக்கொண்டிருந்தார்.

வயதைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். விசா மையத்தில் ஒருவர் அம்மாவின் ஓய்வூதியக் காகிதங்களை மூன்று முறை திருப்பி அனுப்பினார். கடைசியில் "இந்த வயசுல இவங்களுக்கு எதுக்கு மேடம்?" என்று அம்மாவின் முகத்துக்கு நேராகவே கேட்டார். இன்றும் எனக்கு ஆறவில்லை. சம்பாதித்த காலம் முழுக்க எங்கள் படிப்புக்குக் கொடுத்தவர் வேறு எந்த வயதில் போவார்?

வசதி இருப்பதால் பேசுகிறாய் என்று யாராவது சொல்லலாம். நான்கு வருடம் சேர்த்த பணம் அது.

மற்ற இரண்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூனியோன் சுலபம். ஏதென்ஸிலிருந்து பேருந்து இருக்கிறது. கடலுக்கு மேலே சுமார் 60 மீட்டர் உயரத்தில் கடல் தெய்வம் பொசைடனின் கோயில். சாயங்காலம் போங்கள். முழங்கால் வலி இருந்தால் டெல்ஃபிதான் கஷ்டம், அப்போலோ கோயில் இருக்கும் மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏற வேண்டும். அம்மா பாதியில் நின்றுவிட்டார். ஆனால் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கலத் தேரோட்டி சிலையை விட்டுவிடாதீர்கள். கண்ணிமை முடியைக்கூட உலோகத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். அம்மா அவன் முன்னால் கால் மணி நேரம் நின்றார்.

சான்டோரினியில் ஒரு நாளைக் குறைத்து மைகோனோஸில் இரண்டு இரவு தங்குங்கள். டெலோஸுக்கு முதல் நாளே கிளம்புங்கள். காற்றடித்துப் படகு நின்றாலும் மறுநாள் கையில் இருக்கும். அம்மாவுக்குத் தொப்பியும் ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரும் மறக்காதீர்கள்.