நகரத்தின் தரவை எல்லோருக்கும் திறப்பது எப்படி? – கேள்வி பதில்

பேருந்து நேரம், வார்டு எல்லை, கட்டட அனுமதி, புகார்ப் பதிவு, வரவுசெலவு என்று ஒரு மாநகராட்சியிடம் குவிந்திருக்கும் தகவல்களை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுவதற்கான தளம் பற்றி உறுப்பினர்கள் கேட்டவை இவை. அந்த வேலையிலேயே இருப்பவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (மாநகராட்சிக் கணினிப் பிரிவு ஊழியர்): சார், தரவுத் தளம் தொடங்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எங்கள் பிரிவில் ஆட்கள் குறைவு. முதலில் எந்த மென்பொருளைப் போடுவது?

மென்பொருளைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துறைக்கும் போய் இரண்டே விஷயம் கேளுங்கள். வெளியாட்கள் உங்களிடம் அடிக்கடி என்ன தகவல் கேட்டு வருகிறார்கள்? பக்கத்துத் துறைக்கு மாதாமாதம் எந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புகிறீர்கள்? இதற்கு வரும் பதில்கள்தான் உங்கள் முதல் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு குறிப்பு எழுதுங்கள்: பொறுப்பாளர் யார், அது எங்கே கிடக்கிறது (மென்பொருளிலா, யாரோ ஒருவரின் எக்செல் கோப்பிலா, காகிதத்திலா), எத்தனை நாளுக்கு ஒரு முறை மாறுகிறது, தனிநபர் விவரம் உள்ளதா.

எண்ணிக்கை காட்டும் ஆசை கட்டாயம் வரும். பூங்காப் பட்டியலை வார்டு வாரியாக உடைத்தால் ஒரே நாளில் நூறு தரவுத்தொகுப்பு ஆகிவிடும், விழாவில் சொல்லவும் நன்றாக இருக்கும். ஆனால் தேடி வந்தவர் இரண்டாவது முறை வரமாட்டார். உருப்படியான பத்து தொகுப்புகள் போதும்.

கேள்வி (அதே ஊழியர்): சரி சார், பட்டியல் தயார் என்று வைத்துக்கொள்வோம். இப்போதாவது மென்பொருள் பெயர் சொல்லுங்கள்.

ஓப்பன் சோர்ஸில் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளில்) சிகேன்தான் அதிகம் புழங்குகிறது. அமெரிக்க அரசின் தரவுத் தளமான டேட்டா டாட் கவ் பட்டியல் பல வருடம் அதில்தான் ஓடியது. பைத்தானில் எழுதப்பட்டது, பின்னால் தரவைச் சேமிக்க போஸ்ட்கிரஸும் தேடலுக்கு சோலாரும் வேண்டும். பராமரிக்கத் தெரிந்த ஒருவராவது இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். காசு கொடுத்து வாங்குவதில் சாக்ரட்டா (நியூயார்க், சிகாகோ நகரங்கள் எடுத்தது), ஓப்பன்டேட்டாசாஃப்ட் (பாரிஸ் எடுத்தது) என்ற பெயர்களில் அறிமுகமானவை உண்டு, இப்போது பெயர் மாறியிருக்கலாம். வரைபடப் பிரிவு ஏற்கெனவே எஸ்ரி மென்பொருள் வைத்திருந்தால் அதே நிறுவனத்தின் தரவுத் தளமான ஆர்க்ஜிஐஎஸ் ஹப் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

எதை எடுத்தாலும் டெண்டரில் இரண்டு வரியைச் சேர்த்துவிடுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் தரவும் அதன் விவரக் குறிப்புகளும் முழுசாக எங்கள் கைக்கு வர வேண்டும். தளத்தின் முகவரி எங்கள் பெயரில் இருக்க வேண்டும், நிறுவனத்தின் பெயரில் அல்ல. நிறுவனம் மாறும்போது எல்லா இணைப்பும் செத்துப்போனால், அதை நம்பி யாரோ எழுதிய செயலியும் கூடவே போய்விடும்.

கேள்வி (வேறொரு நகராட்சி அலுவலர்): எங்களுக்குத் தளம் பிரச்சினை இல்லை. துறைத் தலைவர்கள் தரவே கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். "பிழை இருக்கிறது, திருத்திவிட்டுத் தருகிறோம்" என்றே வருடம் ஓடுகிறது.

உண்மையான கேள்வி இதுதான். மற்றதெல்லாம் கணினி வேலை, இது மனுஷ வேலை.

"பிழை இருக்கிறது" என்று சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. பிழை நிஜமாகவே இருக்கும். பயம் என்னவென்றால், நாளைக்குச் செய்தித்தாளில் வந்தால் கேள்வி தன்னிடம்தான் வரும் என்பது. ஆகவே "வெளிப்படைத்தன்மை" என்று பிரசங்கம் செய்து பயனில்லை. அந்தப் பயத்துக்கு மருந்து கொடுக்க வேண்டும். தெரிந்த குறைகளைத் தொகுப்பின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: இந்த ஆண்டுக்கு முந்தைய பதிவுகளில் தெருப் பெயர் முழுமையாக இல்லை, இந்த நெடுவரிசை களப் பணியாளர் கையால் எழுதியது, இப்படி. குறையை நாமே சொல்லிவிட்டால் பிறர் அதைக் "கண்டுபிடிக்க" முடியாது. பிழை சுட்டுவதற்கு ஒரு படிவம் வையுங்கள். வருவது துறைக்கே நேராகப் போகட்டும், பதில் சொல்ல ஒரு கெடுவும் இருக்கட்டும்.

நியூயார்க்கில் நடந்த ஒன்றைத் துறைத் தலைவர்களிடம் சொல்லலாம். நடைபாதை சாலைக்குச் சரிந்து இறங்கும் சில இடங்களில், பாதசாரிக் கடவை இல்லையென்றால், வண்டி நிறுத்தலாம் என்று அங்கே விதி மாறியிருந்தது. மாறிய பிறகும் போலீஸார் பல வருடம் அபராதச் சீட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். நகரத்தின் திறந்த தரவில் இருந்த அபராதப் பட்டியலை அலசிய பென் வெலிங்டன் என்ற தரவு ஆய்வாளர் 2016இல் இதை வெளியே கொண்டுவந்தார். காவல்துறை மறுக்கவில்லை. தவறு என்று ஒப்புக்கொண்டு, காவலர்களுக்குப் புதுவிதியைப் பயிற்றுவித்தோம் என்று எழுத்திலேயே பதில் சொன்னது. தரவு வெளியே இருந்ததால் பிழை தெரிந்தது, தெரிந்ததால் சரியானது. துறையின் மானம் ஒன்றும் கப்பலேறவில்லை.

இன்னொன்று: முதலில் சம்மதிக்கும் துறைக்குப் பலன் கிடைக்க வேண்டும். மாதாமாதம் கையால் தயாரித்துக்கொண்டிருந்த அறிக்கையை அவர்களுக்குத் தானாக வரும்படி செய்து கொடுங்கள். அதைப் பார்த்துப் பக்கத்துத் துறை தானாகக் கேட்கும்.

கேள்வி (வழக்கறிஞர்): பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிட்டால் தனியுரிமைப் பிரச்சினை தீர்ந்ததா?

தீராது ஐயா. தனியுரிமை ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்: அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றும் சேர்ந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம். பெயரே தேவையில்லை.

2014இல் வெளிவந்த நியூயார்க் டாக்ஸிப் பயணத் தரவும் இதே கதைதான். அது தளத்தில் வந்ததல்ல, தகவல் கேட்டு ஒருவர் வாங்கியது. வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் மறைக்க எம்டி5 என்ற முறையில் மாற்றியிருந்தார்கள். அந்த எண்கள் குறிப்பிட்ட சில வடிவங்களில்தான் வரும். ஆகவே வரக்கூடிய எல்லா எண்ணையும் அதே முறையில் மாற்றிப் பார்த்து, ஒருவர் மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டார். அதற்கப்புறம், டாக்ஸியில் ஏறும்போது எடுத்த பிரபலங்களின் படங்களை வைத்து, யார் எங்கே இறங்கினார்கள், எவ்வளவு டிப்ஸ் கொடுத்தார்கள் என்பது வரை எடுத்தார்கள். மறைத்தே தீர வேண்டிய எண் என்றால் மூலத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தற்செயல் எண் கொடுங்கள், அல்லது அந்த நெடுவரிசையையே எடுத்துவிடுங்கள்.

நகராட்சித் தரவில் ஆபத்தான இடம் புகார்ப் பதிவுதான். "விவரம்" என்ற பெட்டியில் மக்கள் எதையும் எழுதுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர், நோய், கைபேசி எண், எல்லாம் இருக்கும். அந்தப் பெட்டியை வெளியிடவே வேண்டாம், வகை மட்டும் போதும். இடத்தை வீட்டு வாசல் வரை காட்டாமல் தெரு அளவிலோ வரைபடத்தில் போட்ட கட்ட அளவிலோ நிறுத்துங்கள். ஒரு கட்டத்தில் ஒன்றிரண்டு பதிவுதான் என்றால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: பிடிஎஃப் போட்டால் என்ன? எல்லோராலும் திறக்க முடிகிறதே.

படிக்க முடியும், கணக்குப் போட முடியாது. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை அட்டவணை) கொடுங்கள். கூடவே பிடிஎஃப் இருந்தால் தப்பில்லை.

கேள்வி (புள்ளியியல் மாணவி): அண்ணா, சிஎஸ்வி கொடுக்கும் தளங்களிலும் சுத்தம் செய்யவே பாதி நேரம் போகிறது. வெளியிடுபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

சரியான ஆதங்கம் தங்கச்சி. இதைத் துறைகளுக்கு அனுப்பும் சுற்றறிக்கையாகவே எழுதலாம். ஒரு வரி ஒரு பதிவு. நடுவில் "மொத்தம்" வரி கூடாது. அட்டவணையில் பல கட்டங்களை ஒன்றாக இணைக்க வேண்டாம். தேதியை 2024-04-03 என்று ஆண்டு முன்னால் வரும்படி எழுதினால் ஏப்ரலா மார்ச்சா என்ற குழப்பம் வராது. வார்டு எண் 007 என்று இருந்தால் எக்செல் அதை 7 ஆக்கிவிடும். அதை எண்ணாக அல்ல, எழுத்தாக வையுங்கள். தகவல் இல்லாத இடத்தில் 0 போடாதீர்கள். பூஜ்யமும் ஒரு தகவல்தான்.

எக்செல்லையே கிடங்காக வைத்திருப்பவர்களுக்கு இங்கிலாந்து 2020இல் பட்ட பாடு ஒன்று உண்டு. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிதான் கொள்ளும். கொரோனா பரிசோதனை முடிவுகள் அதற்கு மேல் போனபோது மிச்சம் சத்தமில்லாமல் விடுபட்டது. 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அந்த அளவுக்குத் தாமதமானது.

கேள்வி: நாங்கள் வெளியிட்ட சிஎஸ்வியை எக்செல்லில் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் புரியாத குறிகளாகத் தெரிகிறதாம். கோப்பு கெட்டுவிட்டதா?

கோப்பு நன்றாகத்தான் இருக்கும். அது யுடிஎஃப்-8 (ஒருங்குறி எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்பதை எக்செல் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். சேமிக்கும்போது "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் கோப்பின் தொடக்கத்தில் ஒரு கண்ணுக்குத் தெரியாத குறி சேரும், எக்செல் சரியாகத் திறக்கும். அந்தக் குறி சில நிரல்களில் முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொண்டு தொல்லை தரும் என்பதால் விவரப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு என்றால் கதை வேறு. அதை ஒருங்குறிக்கு மாற்றாமல் வெளியிடவே கூடாது.

கேள்வி (செயலி உருவாக்குநர்): ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தரவைக் கேட்டு வாங்கும் வழி) இல்லாத தளத்தால் என்ன பயன்?

முழுக் கோப்பையும் ஒரே சொடுக்கில் இறக்க முடிந்தாலே நிறையப் பயன். நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதற்கு (பேருந்து எங்கே வருகிறது, காற்று எப்படி இருக்கிறது) ஏபிஐ கட்டாயம். வருடத்துக்கு ஒரு முறை மாறும் வார்டுப் பட்டியலுக்கு அது வீண் செலவு. ஏபிஐ மட்டும் கொடுத்து, மொத்தமாக இறக்க விடாத தளங்கள்தான் எனக்கு எரிச்சல்.

கேள்வி (போக்குவரத்துப் பிரிவு அலுவலர்): பேருந்து அட்டவணையை எந்த வடிவத்தில் தருவது?

ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவம், யோசிக்கவே வேண்டாம். 2005இல் கூகுளும் போர்ட்லண்ட் நகரத்தின் டிரைமெட் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது, இன்று உலகெங்கும் அதுதான். நிறுத்தங்கள், தடங்கள், பயணங்கள், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வரும் நேரம் என்று சில உரைக் கோப்புகள், எல்லாம் ஒரே ஜிப்பில். ஒரு நுணுக்கம்: நள்ளிரவு தாண்டி ஓடும் வண்டிக்கு நேரம் 25:30:00 என்று எழுத வேண்டும். முந்தைய நாளின் சேவையாகவே அது கணக்காகும். இதைத் தப்பென்று யாராவது "திருத்தி"விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வார்டு எல்லை வரைபடத்தை ஜியோஜேசனில் (வரைபடத் தரவுக்கான கோப்பு வடிவம்) போட்டோம். எங்கள் நகரம் எங்கோ தள்ளிப் போய்க் கிடக்கிறது!

தீர்க்கரேகையும் அட்சரேகையும் இடம் மாறியிருக்கும். ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில். அது சரியாக இருந்தும் இடம் தள்ளி வந்தால் ஆய முறையை (இடத்தை எண்ணால் குறிக்கும் முறை) பாருங்கள், ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84க்கு மாற்றியிருக்க வேண்டும். அப்புறம், எல்லை மறுவரையறை நடந்தால் பழைய எல்லைக் கோப்பை அழிக்காதீர்கள். பழைய தரவெல்லாம் பழைய எல்லையில்தான் அர்த்தப்படும்.

கேள்வி: உரிமம் எது? வணிகப் பயன்பாட்டுக்குத் தடை போடலாமா? ஆணையர் தரவை விற்கலாமே என்றும் கேட்கிறார்.

கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்களில் சிசி பை 4.0 அல்லது சிசி0. முன்னதில் மூலத்தைக் குறிப்பிட வேண்டும், பின்னதில் அந்தக் கட்டாயமும் இல்லை. வணிகத் தடை போட்டால் செயலி செய்ய நினைக்கும் சின்ன நிறுவனம் ஓடிவிடும், விக்கிப்பீடியாவிலும் பயன்படுத்த முடியாது. மக்களே சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் சேர வேண்டும் என்றால் சிசி பை மட்டும் போதாது. அவர்கள் கேட்கும் அனுமதிக் கடிதத்தைத் தனியாகக் கொடுங்கள்.

விற்பது பற்றி: லண்டன் போக்குவரத்து நிறுவனம் தன் தரவை இலவசமாகத் தருகிறது. அதனால் பயணிகளுக்கும் லண்டனுக்கும் நிறுவனத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 13 கோடி பவுண்டு வரை பலன் என்று டெலாய்ட் ஆலோசனை நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. பலனில் பெரும்பகுதி கல்லாவில் விழுவதில்லை என்பதையும் ஆணையரிடம் சேர்த்தே சொல்லுங்கள். பின்னால் ஏமாந்தோம் என்று நினைக்கக்கூடாது.

கேள்வி (பத்திரிகையாளர்): தொடக்க விழா நடக்கிறது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அதே பழைய கோப்பு. ஏன் இப்படி?

கையால் ஏற்றுவதால். அந்த வேலையைச் செய்தவருக்கு மாற்றல் வந்ததும் தளம் நின்றுவிடும். துறையின் மென்பொருளிலிருந்து இரவில் தானாக எடுத்து, சோதித்து, ஏற்றும் நிரல் எழுதாதவரை அந்தத் தொகுப்பு "முடிந்தது" என்று நான் கணக்கில் எடுப்பதே இல்லை. பொறுப்பாளராகத் தனிநபர் பெயரைப் போடாமல் பதவியைப் போட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற இரண்டும் அருகருகே தெரியட்டும். கெடு தாண்டினால் சிவப்பாகட்டும். நியூயார்க் 2012இல் இதற்கென்றே சட்டம் போட்டது (உள்ளூர்ச் சட்டம் 11). பொதுத் தரவையெல்லாம் ஒரே தளத்தில் போட வேண்டும், மேயர் மாறினாலும் கடமை மாறாது. சட்டம் முடியாத இடத்தில் மன்றத் தீர்மானமாவது வாங்கி வைக்கலாம்.

ஒரு தொகுப்பை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் அழிக்காதீர்கள். "இந்தத் தேதியோடு நின்றது, காரணம் இது" என்று எழுதி அப்படியே விடுங்கள். பத்திரிகையாளரான உங்களுக்கு அந்த ஒரு வரியே சில சமயம் செய்தியாகும்.