சிங்கப்பூரில் பழைய அடுக்குமாடி வீடமைப்புப் பேட்டையைப் புதுப்பிக்க அரசு பணம் தருமா? குடியிருப்பாளர்கள் என்ன செய்ய வேண்டும்?

தரும். 2007இல் தொடங்கிய அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்தின் முழுச் செலவும் அரசுடையது. வேலையை நடத்துவது நகர மன்றம். கூரையிட்ட நடைபாதை, விளையாட்டுத் திடல், உடற்பயிற்சி இடம் போன்றவை இதில் வரும். வீட்டுக்குள் கசியும் குழாய் வராது, அதற்குத் திட்டம் வேறு.

தகுதியுள்ள வீட்டு உரிமையாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் ஆதரித்தால்தான் வேலை தொடங்கும். பதில் சொல்லாமல் இருப்பது ஆதரவாகாது. வாடகைக்கு விட்டு வேறிடத்தில் வசிக்கும் உரிமையாளர்களிடம் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள்.

வரைபடம் முடிவாகும் முன் நடக்கும் கலந்துரையாடல்தான் உண்மையில் முக்கியம். "வசதி வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை மழையில் நனைய வேண்டியிருக்கிறது, சக்கர நாற்காலி எந்தப் படியில் நிற்கிறது என்று இடத்தைச் சுட்டிப் படத்தோடு கொடுங்கள். மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தைக் கடைக்காரர்களையும் கலந்துரையாடலுக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.