சிக்1 சிதையவில்லை என்றால் பழி சிடிசி34 மீதா, சைக்ளோஹெக்சிமைடு மீதா?

கேள்வி: மொட்டுவிடும் ஈஸ்டில் சிடிசி34-2 என்ற வெப்ப உணர்வுத் திரிபை வைத்துப் புரதச் சிதைவைப் பார்த்துவருகிறேன். 25 டிகிரியில் வளர்த்து, 37 டிகிரிக்கு மாற்றி, சைக்ளோஹெக்சிமைடு (புதிய புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து) சேர்த்து, ஒரு மணி நேரம் வரை சிக்1 புரதத்தை (டி.என்.ஏ. இரட்டிப்பைத் தடுத்து வைத்திருப்பது) வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் முறை) பின்தொடர்ந்தேன். திரிபில் பட்டை அப்படியே நிற்கிறது, சரி. இயல்வகையிலும் (திரிபில்லாத ஈஸ்டிலும்) குறையவில்லையே, ஏன்?

பதில்: ஆன்டிபாடியையோ மரபணுவையோ சந்தேகிப்பதற்கு முன் சைக்ளோஹெக்சிமைடைச் சந்தேகியுங்கள். பல புரதங்களுக்கு நன்றாக வேலை செய்யும் இந்த முறை, சிக்1 விஷயத்தில் காலை வாரிவிடும்.

சிடிசி34 மரபணு தருவது ஓர் இ2 நொதி, அதாவது யுபிக்விடின் என்ற சிறு புரதத்தை இலக்குக்குக் கடத்தும் நொதி. அதன் 95ஆவது அமினோ அமிலமான சிஸ்டீனில் யுபிக்விடின் ஏறி உட்கார்கிறது. எஸ்.சி.எஃப். என்ற கூட்டமைப்பு (ஸ்கிப்1, சிடிசி53, ஆர்பிஎக்ஸ்1, கூடவே இலக்கை அடையாளம் காணும் சிடிசி4 போன்ற ஓர் எஃப்-பாக்ஸ் புரதம்) இலக்குப் புரதத்தைப் பிடித்துக் கொடுக்க, யுபிக்விடின் சங்கிலி அதன் மேல் கட்டப்படுகிறது. பிறகு புரோட்டியசோம் என்ற சிதைப்பு இயந்திரம் அதை அரைத்துவிடுகிறது. ஆனால் சிடிசி4 வெறும் சிக்1ஐப் பிடிக்காது. பாஸ்பேட் பல இடங்களில் ஏறிய சிக்1ஐத்தான் பிடிக்கும். அந்தப் பாஸ்பேட்டை ஏற்றும் வேலையைத் தொடங்கிவைப்பது ஜி1 கட்டத்தின் (டி.என்.ஏ. இரட்டிப்புக்கு முந்தைய கட்டம்) கடைசியில் வரும் சிஎல்என்1, சிஎல்என்2 சைக்ளின்களோடு (செல் சுழற்சியை நகர்த்தும் புரதங்கள்) சேர்ந்த சிடிசி28 என்ற நொதி.

உங்கள் சிக்கல் அங்கேதான். இந்த சைக்ளின்கள் சில நிமிடங்களிலேயே அழிந்துவிடும். தொடர்ந்து புதிதாக உற்பத்தியானால்தான் இருக்கும். சைக்ளோஹெக்சிமைடு போட்டதும் உற்பத்தி நிற்கிறது, சைக்ளின் தீர்ந்துபோகிறது, சிக்1 மேல் பாஸ்பேட் ஏறுவதில்லை. சிதைக்கும் இயந்திரம் முழுக்க ஆரோக்கியமாக இருந்தும் சிக்1 அசையாமல் நிற்கும். ஒத்திசைக்காத வளர்ப்பில் சிக்1 இருப்பதே ஏறத்தாழ ஜி1 செல்களில் மட்டும் என்பதால், நீங்கள் பார்த்த பட்டை முழுவதும் இப்படி மாட்டிக்கொண்ட செல்களிலிருந்து வந்ததுதான். போதாக்குறைக்கு, 25இலிருந்து 37க்குத் திடீரென மாற்றினால் சிஎல்என்1, சிஎல்என்2 மரபணுக்களின் ஆர்.என்.ஏ. சற்று நேரம் சரிந்து, இயல்வகையே ஜி1இல் தயங்கி நிற்கும். இரண்டும் சேர்ந்துகொண்டன.

ஆகவே மருந்தை விட்டுவிட்டு, ஆல்ஃபா காரணியால் (செல்களை ஜி1இல் நிறுத்தும் ஈஸ்ட் ஃபெரோமோன்) நிறுத்தி விடுவிக்கும் முறைக்கு மாறுங்கள். செல்கள் ஆல்ஃபா காரணிக்கு இணங்கும் மேட்-ஏ இனமாக இருக்க வேண்டும். 25 டிகிரியில் ஓ.டி. (வளர்ப்பின் கலங்கல் அளவு) 0.2ஆக இருக்கும்போது ஆல்ஃபா காரணி சேர்க்கவும்: பார்1 (ஆல்ஃபா காரணியைச் சிதைக்கும் நொதி) நீக்கிய செல்களுக்கு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் போதும், பார்1 உள்ளவற்றுக்கு 5 மைக்ரோகிராம் தேவைப்படும். இந்த நூறு மடங்கு வித்தியாசத்தைக் கவனிக்காமல் ஒரே அளவைப் போட்டுவிட்டு ‘நிற்கவில்லை’, ‘விடுபடவில்லை’ என்று தவிப்பவர்கள் ஏராளம். இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில், லேசாகச் சோனிகேட் செய்து (ஒலியலையால் ஒட்டிய செல்களைப் பிரித்து) எண்ணினால், 90 விழுக்காட்டுக்கு மேல் மொட்டில்லாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே போகாதீர்கள்.

கடைசி 30 நிமிடங்கள் ஆல்ஃபா காரணி இருக்கும்போதே 37 டிகிரியில் வையுங்கள். திரிபுப் புரதம் செயலிழக்கவும், வெப்ப அதிர்ச்சி ஓரளவு அடங்கவும் அந்த நேரம் உதவும். பிறகு 37 டிகிரிக்கு முன்பே சூடாக்கிய ஊடகத்தில் இருமுறை கழுவி, அதே சூட்டு ஊடகத்தில் விடுவிக்கவும். அறை வெப்பநிலை ஊடகத்தில் கழுவினால் சிடிசி34-2 புரதம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கலாம். திரிபில் ‘பாதிச் சிதைவு’ தெரிவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். காற்றில் சூடாகும் ஷேக்கரில் குடுவை மெதுவாகத்தான் சூடேறும், அதைவிட நீர்த்தொட்டி ஷேக்கர் நல்லது. இயல்வகைக்கும் இதே வெப்ப மாற்றம் கட்டாயம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 90 நிமிடம் வரை மாதிரி எடுக்கவும். ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி பிளாட்டுக்கு, ஒரு பகுதி 70 விழுக்காடு எத்தனாலில் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்லின் டி.என்.ஏ. அளவை அளக்க).

இயல்வகையில், டி.என்.ஏ. 1சியிலிருந்து (ஒரு மடங்கு) 2சிக்கு (இரட்டித்த அளவு) நகரத் தொடங்குவதற்குச் சற்று முன் சிக்1 மறைய வேண்டும். திரிபில் அது நிற்கும், டி.என்.ஏ. 1சியிலேயே தங்கும். ஆனால் மொட்டு வரும். சிக்1 தடுப்பது டி.என்.ஏ. இரட்டிப்பைத் தொடங்கிவைக்கும் சிஎல்பி சைக்ளின்களோடு இணைந்த சிடிசி28ஐத்தான். மொட்டைத் தூண்டும் சிஎல்என் வகையை அல்ல. மொட்டின் நுனி வளர்ச்சியை நிறுத்துவதும் சிஎல்பிதான் என்பதால், சில மணி நேரத்தில் ஒரே உட்கருவோடு நீண்ட மொட்டுகள் பல முளைத்து நிற்கும். நுண்ணோக்கியில் இந்த உருவம் தெரியாவிட்டால் உங்கள் இரகம் உண்மையில் சிடிசி34-2 தானா என்பதே கேள்வி. வெப்ப உணர்வுத் திரிபுகள் மறுமாற்றம் அடையும், வேகமாக வளரும் செல்கள் வளர்ப்பையே பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் உறைய வைத்த இருப்பிலிருந்து எடுத்து, தனிக் காலனிகளை 25, 37 இரண்டிலும் கோடிட்டுப் பாருங்கள். சாதாரண சிடிசி34ஐச் சென்ட்ரோமியர் பிளாஸ்மிடில் (செல்லில் ஓரிரு நகல் மட்டும் இருக்கும் வட்ட டி.என்.ஏ.) கொடுத்தால் 37இல் வளர்ச்சி திரும்ப வேண்டும். சிஸ்டீன் 95ஐ மாற்றிய வடிவம் திரும்பத் தரக்கூடாது.

சாறு எடுப்பதில் மென்மை உதவாது. வளர்ப்பிலேயே நேராக டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தை 10 விழுக்காடு ஆகும்படி சேர்த்து, கண்ணாடி மணிகளால் உடையுங்கள். சாதாரண இடையகத்தில் உடைத்தால் பாஸ்பட்டேஸ்கள் பாஸ்பேட்டைப் பிடுங்கிவிடும். திரிபில் மெதுவாக ஓடவேண்டிய பாஸ்பேட் ஏறிய சிக்1 பட்டைகள் காணாமல் போகும். மாதிரிச் சாயம் மஞ்சளானால் அமிலம் மிச்சம் என்று பொருள். நீலமாகும் வரை 1 மோலார் டிரிஸ் சொட்டுங்கள், இல்லையேல் ஜெல்லில் பட்டை வளைந்து நெளியும். சிக்1 தன் எடைக்கு ஒவ்வாமல் மேலே, 40 கிலோடால்டன் பக்கம் ஓடும். ஒவ்வொரு தடத்திலும் சம அளவு ஏற்றினீர்களா என்று ஒப்பிட பிஜிகே1 புரதம் நல்லது.

சிக்1 நின்றதாலேயே திரிபு நின்றது என்று எழுதுவதற்கு முன் சிக்1 நீக்கிய சிடிசி34-2 இரட்டைத் திரிபையும் 37இல் ஓட்டுங்கள். டி.என்.ஏ. இரட்டிக்கும்; ஆனால் செல் பிளவுபடாமல் ஜி2வில் (இரட்டிப்புக்குப் பிந்தைய கட்டம்) நிற்கும். இது 1994இலேயே காட்டப்பட்டது. அதாவது சிடிசி34க்கு வேறு இலக்குகளும் உண்டு. மற்றோர் எஃப்-பாக்ஸ் புரதமான ஜிஆர்ஆர்1 வழியாக சிஎல்என்1, சிஎல்என்2ஐ அழிப்பதிலும் அதற்குப் பங்கு இருப்பதால், உங்கள் திரிபில் சைக்ளினும் தேங்கும். சிக்1 பாதையை மட்டும் தனித்துப் பார்க்க வேண்டுமானால் சிடிசி4 வெப்பத் திரிபு கூடுதல் தெளிவு தரும். எம்ஜி132 போட்டு புரோட்டியசோமைத் தடுக்க நினைத்தால் பிடிஆர்5 (மருந்துகளை வெளியேற்றும் பம்ப்) நீக்கிய இரகம் வேண்டும். சாதாரண ஈஸ்ட் அந்த மருந்தைச் செல்லுக்குள் தங்கவிடாது.