வேண்டாம் என்று சொன்னது யார்?

கேள்வி: நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் ஆண்கள் நான்கே பேர். இப்போது மகப்பேறு வார்டில் போஸ்டிங். காலையில் வேலை தொடங்கியதும் வார்டு சிஸ்டர், "நீ வெளியே நில்லுப்பா, அவங்க சங்கடப்படுவாங்க" என்று அனுப்பிவிடுகிறார். ஒருநாள் நானாகவே ஒரு அம்மாவிடம் போய் பி.பி. பார்க்கலாமா என்று கேட்டேன். "பையன் வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் யாரையாவது ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து வார்டிலிருந்தும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். உடை மாற்ற எங்களுக்கு அறைகூடக் கிடையாது, ஸ்டோர் ரூமில்தான் மாற்றுகிறோம். உறவுக்காரர்கள் வேறு "பொம்பளைங்க வேலைக்கு ஏன் போனே?" என்கிறார்கள். தப்பான படிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டேனா அக்கா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, உங்களை மறுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்த அம்மா. இன்னொருவர், எந்த அம்மாவையும் கேட்காமல் அவர்கள் சார்பில் தானே முடிவெடுத்த சிஸ்டர். இரண்டையும் ஒரே அவமானமாகச் சுமக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. பிரித்துப் பாருங்கள், பாதி பாரம் குறையும்.

அந்த அம்மா சொன்னதில் உங்களுக்கு வேலையே இல்லை. பிரசவம் முடிந்து, தையல் வலியோடு, தூக்கமில்லாமல் படுத்திருப்பவருக்கு யார் தன்னைத் தொடலாம் என்று சொல்ல முழு உரிமை உண்டு. காரணமும் சொல்ல வேண்டியதில்லை. "சரிங்கம்மா, சிஸ்டரை அனுப்புறேன்" என்று சொல்லி, சொன்னபடி அனுப்புங்கள். 'ஆண் டாக்டர் பிரசவம் பார்த்தால் மட்டும் பரவாயில்லையா' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வாதத்துக்கு நல்ல கேள்விதான். கட்டிலருகே அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆனால் கேட்கிற விதத்தில் நிறைய இருக்கிறது. "பி.பி. பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டால், யார் இந்தப் பையன், அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று தெரியாமல் முதலில் வருவது மறுப்புதான். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அம்மா, நான் நர்சிங் மாணவன். உங்க வயித்து மேல கை வெச்சு கர்ப்பப்பை சுருங்கியிருக்கான்னு பார்க்கணும். சிஸ்டரும் கூட நிப்பாங்க. நான் பார்க்கலாமா, இல்ல சிஸ்டரே பார்க்கட்டுமா?" நீங்கள் யார், என்ன செய்யப்போகிறீர்கள், கூட யார் இருப்பார் என்ற மூன்றும் இதில் வந்துவிடுகிறது. முக்கியமாக, மறுக்கும் சங்கடமே இல்லாமல் மறுக்க அவருக்கு ஒரு வழி இருக்கிறது. வழி இருப்பது தெரிந்தாலே பலர் "நீயே பாருப்பா" என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

சம்மதம் கிடைத்ததும் ஸ்கிரீனை இழுத்து விடுங்கள். பார்க்க வேண்டிய இடம் தவிர மற்றதெல்லாம் போர்வைக்குள்ளேயே இருக்கட்டும். கை வைக்குமுன் "இப்போ தொடப்போறேன்" என்று சொல்லுங்கள். படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடும்போது, அந்தரங்கப் பகுதியை அவரே துடைத்துக்கொள்ள முடியுமென்றால் துணியை நனைத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். இதெல்லாம் ஆண் என்பதற்கான தனிச் சட்டமில்லை. பெண் மாணவிகளும் இப்படித்தான் செய்ய வேண்டும். அவர்கள் செய்யாவிட்டால் யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

சிஸ்டரின் 'வெளியே நில்' கதை வேறு. அவர் உங்கள் மேல் அன்பாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த அன்பு உங்கள் பாடத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடுகிறது. பிரசவமான அன்று கர்ப்பப்பையின் மேல்முனை தொப்புள் மட்டத்தை ஒட்டி உருண்டையாக, கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். அதன் பிறகு தினமும் ஏறக்குறைய ஒரு விரல் அகலம் இறங்கும். கெட்டியாக இல்லாமல் தொளதொளவென்றிருந்தால் சரியாகச் சுருங்கவில்லை, ரத்தப்போக்கு அதிகமாகலாம் என்று அர்த்தம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் கர்ப்பப்பை மேலேறி ஒருபக்கம் ஒதுங்கி நிற்கும், அதனால்தான் முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்கிறோம். இதைப் புத்தகத்தில் நீங்களும் படித்திருப்பீர்கள். கெட்டி எது, தொளதொளப்பு எது என்று விரல்தான் கற்க வேண்டும். நாளைக்கு எமர்ஜென்சியில் நைட் டியூட்டியில் இருக்கும்போது, பிரசவமாகிச் சில நாளான பெண் ரத்தப்போக்கோடு வந்தால், 'மாணவனாக இருந்தபோது வெளியே நின்றேன்' என்று சொல்ல முடியாது.

அதற்காக வார்டு நடுவில் சிஸ்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். "நானே முதல்ல கேட்டுப் பார்க்கிறேன் சிஸ்டர், வேண்டாம்னா உடனே உங்களைக் கூப்பிடுறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் இடமில்லையென்றால் டியூட்டரிடம் போங்கள். "என்னை ஒதுக்குறாங்க" என்று போனால் ஆறுதல்தான் கிடைக்கும். லாக் புக்கைத் திறந்து, எந்தெந்தப் பயிற்சி இன்னும் செய்யவில்லை என்று காட்டுங்கள். கையெழுத்தாகாத வரிகளுக்கு அவர் ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் குழந்தைகளின் பக்கம் போங்கள். பிறந்த 1-ஆவது நிமிடமும் 5-ஆவது நிமிடமும் குழந்தையின் மூச்சு, இதயத்துடிப்பு, நிறம் முதலியவற்றைப் பார்த்து அப்கார் மதிப்பெண் போடுவது, எடை பார்ப்பது, குளிராமல் சுற்றி வைப்பது என்று அங்கே வேலை கொட்டிக் கிடக்கிறது. ஆண் என்று எந்தக் குழந்தையும் மறுக்காது.

தூக்கும் வேலைக்கு வருவோம். இதில் நீங்கள் கொஞ்சம் கறாராகவே இருக்கலாம். நோயாளியைக் கையால் தூக்க ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் உச்சவரம்பு சுமார் 16 கிலோ. எந்தப் பெரியவரின் உடம்பும் அதைத் தாண்டிவிடும். அதனால்தான் தூக்காமல் நழுவவைத்து மாற்ற உதவும் ஸ்லைடு ஷீட் என்ற விரிப்பு, ஆளுக்கொரு பக்கம் நிற்பது, கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுவது எல்லாம். மீசை முளைத்ததால் முதுகெலும்பு இரும்பாகிவிடாது. கூப்பிட்டால் போங்கள், ஆனால் "இன்னொருத்தர் வரட்டும், ஷீட்டும் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கை வையுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நோயாளிகள் உங்களை "டாக்டர்" என்று கூப்பிட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் திருத்துங்கள். உங்களை டாக்டர் என்று நம்பித் தரும் சம்மதம் சம்மதமே இல்லை. அப்புறம், ஆண் என்பதால் இந்தத் தொழிலில் சில கதவுகள் சீக்கிரம் திறக்கும். பெண்கள் நிறைந்த தொழில்களில் ஆண்கள் வேகமாக மேலே போவதை அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸ் 1992-இல் 'கண்ணாடி நகரும் படிக்கட்டு' என்று எழுதினார். இன்று வாசலில் நிற்க வைப்பவர்களே நாளை உங்களை இன்சார்ஜ் ஆக்கலாம். அப்போது பக்கத்தில் அதே தகுதியோடு நிற்கும் வகுப்புத் தோழியையும் திரும்பிப் பாருங்கள்.

உறவினர்கள் சொல்வதற்கு வரலாறு இருக்கிறது, நியாயம்தான் இல்லை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-இல் லண்டனில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி பெண்களுக்கானது. அமெரிக்க ராணுவத்தின் நர்ஸ் படைப்பிரிவில் ஆண்கள் அதிகாரிகளாகச் சேர 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே நாட்டில் ஜோ ஹோகன் என்பவர், ஆண் என்பதற்காக நர்சிங் பட்டப்படிப்பில் சேர்க்க மறுத்த பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டு 1982-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். உலகில் 10 நர்ஸ்களில் 9 பேர் பெண்கள் என்றது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கை. இதையெல்லாம் விருந்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் முதலில் உங்களுக்குத்தான் போன் வரும்.

படிப்பு தப்பா என்று கேட்டீர்கள். உள்ளே போய் வேலை செய்யாதவரை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த போஸ்டிங்கை முழுசாக முடியுங்கள். அதற்குப் பிறகும் நோயாளியின் பக்கத்தில் நிற்பதே பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாறுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கூச்சமும் கோபமும் மட்டும்தான் காரணம் என்றால் மாற வேண்டாம் என்பேன்.

உடை மாற்றும் அறைக்கு வாய்வார்த்தை உதவாது. நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு, பூட்டுள்ள ஓர் அறையும் லாக்கரும் வேண்டும் என்று கல்லூரி முதல்வருக்கு எழுதுங்கள். நகல் நர்சிங் கண்காணிப்பாளருக்குப் போகட்டும். அடுத்த போஸ்டிங் பட்டியல் ஒட்டுவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.